வெறும் வில்லை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்தபோது இதில் ஒரு செடி ஜெயிப்பதாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் என்னைத் திட்டக் கூடாது.

நான் முடிவைத்தான் முதலில் எழுதினேன். மாமனாரின் கால் புண்ணில் என் மனைவி, தன் ஆய்வகத்தில் வடித்தெடுத்த இலைச்சாற்றை விடுகிறாள். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அதற்கு மசிகிறது. காலை எடுக்க வந்த டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவளோடு கைகுலுக்குகிறார். எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் எழுத்துக்கு நானே அழுவது கொஞ்சம் வெட்கக்கேடுதான். ஆனால் வேறு யாரும் அழாதபோது நான்தானே அழ வேண்டும்.

மறுநாள் அவள் ஆய்வகத்திலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்து, "எல்லாம் பொய்ங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. எதற்குச் சிரித்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் என் முடிவைக் கிழித்துப் போட்டேன். இப்போது நீங்கள் படிப்பது கிழித்த பிறகு எழுதியது.

2

தொடக்கத்துக்காகப் பட்ட பாடு தனி.

"மனித குலத்துக்கும் கிருமிகளுக்கும் இடையில் காலங்காலமாக நடந்துவரும் போரில்..."

[அடித்துவிட்டேன். போர் என்று ஆரம்பித்தால் என் மனைவி கொட்டாவி விடுவாள். அவளுக்குக் கிருமிகளோடு பகை எதுவும் கிடையாது. வேளாவேளைக்கு அவற்றுக்குத் தீனி போடுகிறாள், சூடான பெட்டியில் படுக்கவைக்கிறாள். லீவு நாளில்கூட "ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று ஓடுகிறாள். என்னை அப்படிக் கவனித்திருந்தால் நான் இந்நேரம் நாலு நாவல் எழுதியிருப்பேன்.]

"அன்று காலை அவள் தட்டைத் திறந்தபோது..."

[இதுவும் சரிவராது. தட்டு என்றதும் நீங்கள் சாப்பாட்டை நினைப்பீர்கள். ஆனாலும் கதைக்குத் தட்டு இல்லாமல் முடியாது. ஆகவே தொடக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைச் சொல்லிவிடுகிறேன்.]

ஆய்வகத்தில் தட்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு மூடி போட்ட வட்டக் கிண்ணம். அதில் கெட்டியான ஜெல்லி. ஜெல்லியின்மேல் கிருமியை முழுக்கப் பூசிவிடுவார்கள். பிறகு சட்டைப் பொத்தான் அளவுக் காகித வில்லைகளை ஒவ்வொரு மருந்தில் ஒவ்வொன்றாக நனைத்து, காயவைத்து, அதன்மேல் இடைவெளி விட்டு வைப்பார்கள். ஒரு ராத்திரி சூட்டில் இருந்தால் கிருமி வளர்ந்து, மூச்சு விட்ட கண்ணாடிபோல ஜெல்லி முழுவதும் மங்கிப்போகும். எந்த மருந்து வேலை செய்கிறதோ அந்த வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு தெளிந்த வட்டம் இருக்கும். வேலை செய்யாத வில்லையை ஒட்டி உரசிக்கொண்டு கிருமி உட்கார்ந்திருக்கும். இதற்குமேல் இந்தக் கதைக்கு அறிவியல் தேவையில்லை.

எந்தச் செடி என்று நான் எழுதக் கூடாது. இது அவள் போட்ட கட்டளை. "பேரைப் போட்டீங்கன்னா நாளைக்கே யாராவது அரைச்சுப் பூசிட்டு நிப்பாங்க. வேலியோரம் கிடக்கிற செடின்னு மட்டும் எழுதுங்க." சரி, வேலியோரம் கிடக்கிற செடி.

அவளோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. என் கதைகளை அவள் படிப்பதில்லை. ஆய்வகம் வருகிற பக்கங்களை மட்டும் வாங்கி, பென்சிலால் திருத்திக் கொடுப்பாள். மற்றதெல்லாம், அவள் வாயால் சொல்வதென்றால், என் பாடு.

3

மாமனாரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதாபாத்திரமாகத்தான். மனிதராக அவரிடம் ஒரு குறையும் இல்லை, பேச்சைத் தவிர.

லிப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளில்தான் வாழ்நாளின் பெரும்பகுதி போனது. எங்கேயாவது லிப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது மாடி தாண்டும்போது ஒரு முனகல் வருது பாருங்க மாப்பிள்ளை, பேரிங் போகப்போகுது." கூட நிற்கும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் கதைக்குள் வந்தால் அவரே பேசிக்கொண்டிருப்பார். அதனால் முதல் வரைவில் அவரை ஊமையாக்கி, அமைதியான, கண்ணியமான நோயாளியாக எழுதினேன். படித்துப் பார்த்தால் அந்த ஆளை எனக்கு யாரென்றே தெரியவில்லை. பழையபடி பேசவிட்டுவிட்டேன்.

அவருக்குச் சர்க்கரை. காலில் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகி, ஆறவேயில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணிலிருந்து எடுத்த சீழைச் சோதித்ததில் வழக்கமான ஆன்டிபயாட்டிக் எதுவும் அந்தக் கிருமியிடம் எடுபடவில்லை என்று தெரிந்தது. மிச்சமிருப்பது கடைசி மருந்து ஒன்றுதான், அதை ஊசியில் ஏற்றிப் பார்ப்போம் என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டர் அம்மா. பார்ப்பதற்கு முரட்டு ஆள். எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"வெள்ளிக்கிழமை திறந்து பார்ப்பேன். நல்ல சதை திரும்பியிருந்தா விரலோட நிறுத்திக்கலாம். இல்லேன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டிவரும். இப்பவே மனசுல வச்சுக்குங்க."

மாமனார் அவர் போகும்வரை காத்திருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "ஏன் பாப்பா, நீ ஆபீஸ்ல ஏதோ இலைத்தண்ணி காய்ச்சுறியே, அதுல ரெண்டு சொட்டு விட்டுப் பாரேன்" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். அடுத்த நாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். நாளாக ஆக அதில் விளையாட்டு குறைந்துகொண்டே வந்தது.*

* "காய்ச்சுறதில்ல. வடிக்கிறது." இது அவள் பென்சில்.

4

டாக்டரிடம் அனுமதி வாங்கி, அப்பாவின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியையே அவள் தன் ஆய்வகத்தில் வளர்த்தாள். ஒரு தட்டில் பூசி, மூன்று ஆன்டிபயாட்டிக் வில்லைகளையும் தன் செடியின் வில்லை ஒன்றையும் வைத்தாள். காலையில் பார்த்தால் மூன்று வில்லைகளையும் கிருமி முட்டிக்கொண்டு நின்றது. செடியின் வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய வட்டம் தெளிவாக விழுந்திருந்தது.

என் மச்சான் அன்றைக்கென்று அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தான். தட்டைப் போனில் படம் பிடித்தான். அவள் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் குடும்பம் மொத்தத்துக்கும் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்ல பையன்தான். அவசரத்தில் பிறந்தவன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே பிறந்தவன் என்பதால் இதை நான் உவமையாகச் சொல்லவில்லை.

"இன்னும் என்னக்கா யோசனை? கண்ணு முன்னாடி இருக்கு. டப்பாவுல அடைச்சு வச்சுட்டு நீ என்ன மியூசியமா நடத்தற?"

"தட்டு வேற, மனுஷன் வேறடா."

"கிருமி அதே கிருமிதானே? அப்பா கால்ல இருந்து எடுத்ததுதானே?"

"ஆமா."

"அப்புறம்?"

இந்த இடத்தில் நான் அவளுக்கு ஒரு நல்ல பதில் எழுதிக்கொடுத்திருந்தேன். அறம், பொறுமை, ஆய்வு நெறி எல்லாம் கலந்து ஒரு பத்தி முழுக்க. அவள் அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியது இது: "நான் எதுவும் சொல்லல. எனக்கும் ஆசையா இருந்துச்சு."

5

வியாழக்கிழமை பார்வையாளர் நேரம். சாயங்கால வெயில். அவள் கைப்பையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது.

[இங்கே ஒரு சிக்கல். அந்த அறைக்குள் நான் இல்லை. கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் வாங்கிய இருமல் மருந்தை இனிப்பில்லாததாக மாற்றிக் கேட்டு வாதாடிக்கொண்டிருந்தார். ஆகவே கதையின் முக்கியமான இடத்தில் கதாசிரியரிடம் இருப்பது அந்த இருமல் மருந்து மட்டும்தான். மற்றது அவள் சொன்னது.]

அவள் சொன்னபடி:

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் காலி. காலில் கட்டு மாற்றுவதற்காகத் துணியைத் தளர்த்தி வைத்துவிட்டு நர்ஸ் வெளியே போயிருந்தார். புண் தெரிந்தது. அவள் குப்பியை வெளியே எடுத்தாள். மூடியில் தன் கையெழுத்தில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தாள். அதில் செடியின் பெயரும், அதன் கீழே கரைப்பானின் பெயரும் இருந்தன. கரைப்பான் என்றால் இலையிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்க ஊற்றும் ரசாயனத் திரவம். அதைப் பார்த்ததும் அவளுக்கு உறைத்தது. குப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

வரிசையில் நின்ற என்னைத் தாண்டித்தான் போனாள். "எங்க போற?" என்றேன். "வெறும் வில்லை வைக்கலைங்க" என்றாள். நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். அப்படி ஒரு மருந்து அதில் இல்லை.

6

வெறும் வில்லையைப் பற்றி முன்னமே சொல்லியிருக்க வேண்டும். நல்ல கதைசொல்லி சொல்லியிருப்பான். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

செடிச் சத்து தனியாக வில்லையில் ஏறாது. கரைப்பானில் கரைந்துதான் ஏறும். அந்தக் கரைப்பானே கிருமியைக் கொல்லக்கூடியது. அதனால் இரண்டு வழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். வில்லையை நன்றாகக் காயவிட வேண்டும். தவிர, ஒவ்வொரு தட்டிலும் செடியே இல்லாமல் கரைப்பானில் மட்டும் நனைத்த வில்லை ஒன்றையும் வைக்க வேண்டும். அதுதான் வெறும் வில்லை. அதைச் சுற்றி வட்டம் விழுந்தால் தட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். செடி வில்லையின் வட்டம் யார் சம்பாதித்தது என்று சொல்ல முடியாது.

வெறும் வில்லை இல்லாமல் தட்டைக் கொண்டுவரும் மாணவர்களை இவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "இதை எடுத்துட்டுப் போய் டீ கிளாஸுக்கு மூடியா வச்சுக்கோ" என்பாள். இதற்குப் பயந்தே இரண்டு பேர் வேறு துறைக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.

அப்பாவின் கிருமி என்றதும் அவளே வில்லையை ஈரத்தோடு வைத்திருக்கிறாள். வெறும் வில்லையை வைக்கவேயில்லை. மறந்ததா, வைக்க மனம் வரவில்லையா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

அன்று ஆய்வகத்துக்குப் போனதும் இரண்டு தட்டு போட்டாள். ஒன்றில் பழையபடி ஈர வில்லைகள், கூடவே ஈரமான வெறும் வில்லை. இன்னொன்றில் எல்லாம் காய்ந்தவை. வெள்ளிக்கிழமை பார்த்தால் முதல் தட்டில் செடி வில்லையைச் சுற்றியும் அதே பெரிய வட்டம், வெறும் வில்லையைச் சுற்றியும் அதே பெரிய வட்டம். குடும்பம் முழுக்கப் பார்த்து இதயக்குறி போட்ட வட்டத்தைக் கரைப்பான் தனியாகவே போட்டிருந்தது.

"அதைத் திறந்த புண்ணுல விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"இருக்கிற நல்ல சதையும் வெந்திருக்கும்."

மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சிரித்தது இதற்குத்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சிரித்து முடிப்பதற்குள் மச்சான் போன் செய்தான். அறுவை முடிந்துவிட்டது. சதை திரும்பியிருக்கிறது. இரண்டு விரல் போய்விட்டது, கால் இருக்கிறது. கடைசி மருந்து வேலை செய்திருக்கிறது. அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இந்த முறை அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

[இரண்டாவது தட்டு? கேட்பீர்கள் என்று தெரியும். காய்ந்த வெறும் வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. காய்ந்த செடி வில்லையைச் சுற்றி நூலளவுக்கு ஒரு வட்டம். உற்றுப் பார்த்தால் தெரியும். மச்சானுக்குத் தெரியவில்லை. "இதை வச்சுக்கிட்டு என்னக்கா பண்றது?" என்றான். "இதை வச்சுக்கிட்டுத்தான்டா பண்ணணும்" என்றாள். இப்போதும் அதைத்தான் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.]

7

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடித்தும்விட்டேன். தலைப்பு வைத்து, பக்க எண் போட்டு, கடைசியில் கோடும் கிழித்தாயிற்று.

வீட்டுக்கு வந்த மாமனார் கம்பு ஊன்றி நடந்து பழகிக்கொண்டிருந்தார். நான் கூடவே நடப்பேன். டாக்டர் அம்மாவை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. "எட்டு விரல் போதும் மாப்பிள்ளை, நான் என்ன காலால டைப்பா அடிக்கப்போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் தெருமுனைவரை போய்த் திரும்பும்போது நின்றார்.

"அந்தக் கதையில அந்த வியாழக்கிழமை வருதா?"

"வருது மாமா."

"நான் என்ன பண்றேன் அதுல?"

"தூங்கறீங்க."

கொஞ்ச நேரம் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் தூங்கல. அவ கதவுகிட்ட வரும்போதே பார்த்துட்டேன். முகத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, கொண்டுவந்துட்டான்னு. கண்ணை மூடிட்டேன்."

"ஏன்? தினமும் கேட்டது நீங்கதானே?"

"நான்தான் கேட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு. முழிச்சிருந்தா போடும்மான்னுதான் சொல்லியிருப்பேன். அப்பா சொல்லிட்டாரேன்னு அவளும் போட்டிருப்பா. அது கெட்டுப்போச்சுன்னா எனக்குக் கால்தான் போகும். அவளுக்கு? ஆயுசு பூரா என் காலைப் பார்த்துட்டே இருப்பா. அதான், அவளா என்ன பண்றாளோ பண்ணட்டும்னு படுத்துட்டேன். எல்லாம் கேட்டுச்சு. பை ஜிப்பு. கண்ணாடிக் குப்பி கட்டில் கம்பியில இடிச்சது. மூடியைத் திருகித் திறந்தா. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. மறுபடி மூடினா. போயிட்டா."

"திறந்தாளா? லேபிளைப் பார்த்துட்டு வச்சுட்டேன்னுதான் சொன்னா."

"லிப்டு ரூம்ல நாப்பது வருஷம் காதை வச்சுத்தான் சோறு தின்னேன் மாப்பிள்ளை. திருகுற சத்தம் எனக்குத் தெரியாதா?"

திரும்ப நடக்க ஆரம்பித்தார். வாசலுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட சொல்லாதீங்க. கதையில வேணா எழுதிக்குங்க. அவதான் உங்க கதையைப் படிக்கிறதில்லையே" என்றார்.

எழுதினேன். ஆறாம் பகுதிக்குக் கீழே போட்ட கோட்டை அழித்துவிட்டு, இதோ இந்த ஏழாம் பகுதியை அப்படியே எழுதினேன். இதில் ஆய்வகம் எங்கும் வரவில்லை. ஒப்பந்தப்படி அவளிடம் காட்டத் தேவையில்லை. இருந்தாலும் இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினேன். கடைசியில் அவள் படிக்கும் பக்கங்களோடு சேர்த்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். குப்பி ஆய்வகத்துச் சாமான்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

8

திரும்பி வந்தபோது அவள் பக்கங்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏழாம் பகுதியில் ஒரே ஓர் இடத்தில் பென்சில் பட்டிருந்தது. "மூடியைத் திருகித் திறந்தா" என்ற வரியில் "திறந்தா" அடிக்கப்பட்டு, மேலே "திறக்கல" என்று எழுதியிருந்தது.

"மாமா சத்தம் கேட்டுச்சுங்கிறார்."

"அப்பா டிவியை எவ்வளவு சத்தமா வைக்கிறார்னு பாருங்க. அவருக்குக் காது கேக்குதாம்."

"சரி, அவர் தூங்கலைங்கிறது? அது பரவாயில்லையா?"

அவள் பென்சிலை மேஜைமேல் உருட்டினாள். "அவர் தூங்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும்ங்க. தூங்கினார்னா வாய் திறந்திருக்கும். அன்னைக்கு இறுக்கி மூடியிருந்தார்."

நான் உட்கார்ந்தேன். "தூங்கிட்டிருந்தார்னுதானே என்கிட்ட சொன்னே?"

"உங்ககிட்ட சொன்னா எழுதிடுவீங்களே." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கண்ணைத் திறந்துடுவாரோ, திறந்து போடும்மான்னு சொல்லிடுவாரோன்னு பயந்துட்டே நின்னேன். திறக்கவேயில்ல. அவ்வளவு நேரம் அப்பா வாயைத் திறக்காம இருந்து நான் பார்த்ததே இல்ல. அப்பதான் லேபிளைப் பார்க்கவே எனக்குக் கண்ணு தெரிஞ்சுது."

உள்ளே மாமனார் டிவியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கேட்டிருந்தாலும் கேட்காத மாதிரி இருந்திருப்பார்.

"சரி, எனக்கு மட்டும் சொல்லு. திறந்தியா, இல்லையா?"

"திருத்திக் கொடுத்துட்டேனே" என்றாள். எழுந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டாள்.

ஆகவே என் கையில் இருப்பது இரண்டு சாட்சி. ஒருவர் கண்ணை மூடியிருந்தவர். இன்னொருவர் குப்பியைப் பிடித்திருந்தவர். இரண்டு பேர்மீதும் எனக்குப் பிரியம், இரண்டு பேரையும் முழுதாக நம்ப முடியவில்லை. அச்சுக்குப் போகும்போது இரண்டு சொல்லையும் அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

அவள் கட்டிலருகே நின்றாள். மூடியைத் திறந்தாள் / திறக்கவில்லை.

ஒன்றை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். எதை அடித்தாலும் அடுத்த வரியில் அவள் குப்பியைப் பைக்குள் வைத்துவிடுகிறாள்.